எட்டாத புகார்ப் பெட்டி

2006இல் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் சாஃப்ட்வேர் வேலையை விட்ட தாஜுன்னிசா, முதியோர் இல்லப் புகார்களை விசாரிக்கும் தன்னார்வ ஆம்புட்ஸ்மன் ஆனார். ஓர் இல்லத்தில், இரண்டு வருடமாகப் புகாரே இல்லையென்று மேனேஜர் பெருமையாகச் சுவர்ப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே தூசிதான் இருந்தது.

வீல்சேரில் இருந்த வேதவல்லியிடம் தாஜுன்னிசா விசாரித்தார்.

"பெல் அடிச்சா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வர்றாங்கம்மா. கம்ப்ளெய்ன்ட் எழுதி வச்சிருக்கேன். பெட்டிதான் எட்டல."

தாஜுன்னிசா மேனேஜரை வீல்சேரில் உட்காரவைத்து, அந்தச் சீட்டைப் பெட்டியில் போடச் சொன்னார். அவர் எக்கிப் பார்த்தார், முடியவில்லை. எழப் போனவரை, "ப்ளீஸ், உட்காருங்க" என்று தாஜுன்னிசா அமர்த்தினார்.

மறுநாளே பெட்டி கீழே இறங்கியது; ஒரே வாரத்தில் நிரம்பியது. வேதவல்லியின் பெல்லுக்குப் பத்து நிமிடத்தில் ஆள் வந்தது. மேனேஜர் மேலிடத்துக்கு எழுதினார்: "ஆம்புட்ஸ்மன் வந்த பிறகுதான் இங்கே குறைகள் தோன்றியிருக்கின்றன."