பூட்டு சாரின் தடைப்பட்டியல்

“ஆண்டவனே வந்து அந்த நாற்காலியில உக்காந்தாலும், நான் திறந்துவிட்ட பக்கத்தைத் தவிர வேற ஒண்ணும் திறக்காது. விதிவிலக்குங்கிற சமாச்சாரமே என்கிட்ட கிடையாது.”

பார்சல் கம்பெனியின் மாடியில் ஊழியர்கள் அத்தனை பேரையும் நிற்க வைத்து இப்படி முழங்கியவரை, அலுவலகம் அன்று முதல் ‘பூட்டு சார்’ என்று அழைத்தது. அவர் காதுபடவே அழைத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விருதாக எடுத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவர்கள் திடீரென்று முளைத்துவிடுவதில்லை. பள்ளிக்கூட வயதிலேயே அக்காவின் பென்சில் டப்பாவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டவர் அவர். டப்பா அக்காவுடையது, பென்சில் அக்காவுடையது, சாவி மட்டும் தம்பியின் அரைஞாணில். அக்கா கேட்டபோது எதற்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று விசாரித்துவிட்டுத்தான் திறந்துவிட்டாராம். காதைப் பிடித்துத் திருகியிருந்தால் நாடு பிழைத்திருக்கும். அக்கா பொறுமைசாலி. திருகவில்லை.

கம்பெனியில் அவர் அச்சு இயந்திரங்களுக்கு மை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விபத்து நடந்தது. இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியோடு ஒட்டிக்கொண்டு கூடுதலாக ஏதாவது வேலை செய்யும் குட்டி மென்பொருளை நீட்டிப்பு என்பார்கள். தள்ளுபடிக் கூப்பன் தேடித் தருவதாகச் சொன்ன ஒரு நீட்டிப்பை யாரோ ஓர் ஊழியர் நிறுவிக்கொண்டார். அது கூப்பன் தேடியதோ இல்லையோ, வாடிக்கையாளர்களின் முகவரிகளை அள்ளிக்கொண்டு போய் எங்கோ கொட்டிவிட்டது. மேலிடம் அலறியது. நம்மவர் அலறவில்லை. தன் காலம் பிறந்துவிட்டதென்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அவருக்குத் தனி அறை கிடைத்தது. அந்த அறையிலிருந்த ஒரு திரையில் அவர் ஒரு வரியை மாற்றினால் கட்டடத்திலுள்ள எல்லா உலாவிகளும் மாறும். உலாவியைத் திறந்தால் கம்பெனியின் லட்சிய வாசகம் வரும், அதை மாற்ற முடியாது. கடவுச்சொல்லைச் சேமிக்க முடியாது. பார்த்த பக்கங்களின் சரித்திரத்தை அழிக்க முடியாது. அடிக்கடி போகும் பக்கங்களுக்கான புத்தகக்குறிகள் அவர் தேர்ந்தெடுத்தவைதான். அவற்றில் ஒன்று ஆரம்பத்திலிருந்தே வேலை செய்யாது. அதை நீக்கவும் முடியாது. நீட்டிப்புகளா? பட்டியலில் ஒரே ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டார். உலகத்தில் இருப்பவை, இனி பிறக்கப் போகிறவை எல்லாவற்றுக்கும் தடை என்று அதற்குப் பொருள். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு அதிகாரம் செலுத்தியவர்கள் வரலாற்றில் குறைவு.

விதிவிலக்கு கிடையாது என்று சொன்னாரே தவிர, விதிவிலக்கு கேட்க ஒரு விண்ணப்பம் வைத்திருந்தார். காரணம் எழுத வேண்டும், பிரிவுத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அதன் பிறகு இவர் நிராகரிப்பார். இந்த ஒழுங்குமுறையை மேலிடம் வெகுவாகப் பாராட்டியது.

கீழ்த்தளத்தில், காணாமல் போன பார்சல்களைத் தேடும் பிரிவில், அவருடைய அக்கா வேலை பார்த்தார்.

அக்காவுக்கு விழித்திரையில் கோளாறு. வெள்ளைப் பின்னணியில் எழுத்துகள் கரைந்துபோகும், நடுவில் புகை படிந்த மாதிரி ஓர் இடம் தெரியும். கண் மருத்துவர் ஒரு நீட்டிப்பைச் சொல்லியிருந்தார். அதை நிறுவினால் எந்தப் பக்கமும் கறுப்பாகும், எழுத்துகள் தடித்த மஞ்சளில் எழும். அதை வைத்துக்கொண்டு அக்கா யாருக்கும் தெரியாமல் நிம்மதியாக வேலை பார்த்துவந்தார். நட்சத்திரக் குறி விழுந்த அன்று காலை, நீட்டிப்பு போய்விட்டது. பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்து பெருத்தது, கூடவே ‘சமர்ப்பி’ பொத்தான் திரைக்கு வெளியே போய் விழுந்தது. பார்சல் எண்களில் மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ஒரு பல் மருத்துவருக்கு இரட்டை மெத்தை போய்ச் சேர்ந்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதிக்குப் பல் பிடுங்கும் இடுக்கிகள் போயின. இரு தரப்பும் கடிதம் எழுதின. தம்பதியின் கடிதம் நீளமானது.

வீட்டிலும் தம்பி குடியிருப்பது மாடியில், அக்கா குடும்பம் கீழே. தம்பி தனிக்கட்டை, சாப்பாடு அக்கா வீட்டில். அங்கே வைத்து அக்கா விஷயத்தைச் சொன்னார். பூட்டு சார் கையைக்கூட நிறுத்தாமல் கேட்டுவிட்டு, அலுவலக விஷயத்தை வீட்டில் பேசுவது முறையல்ல என்று தெரிவித்தார்.

“விண்ணப்பம் போடுக்கா. காரணத்தைத் தெளிவா எழுது.”

“எழுதினா யாருடா கையெழுத்துப் போடுவா?”

“உன் பிரிவுத் தலைவர்தான்.”

“எனக்குக் கண்ணு தெரியலைன்னு நானே அவருக்கு எழுதிக் குடுக்கணும். கோடவுன்ல ஒருத்தருக்குக் காது மந்தம்னு தெரிஞ்ச உடனே அவரு என்ன பண்ணாருன்னு உனக்குத் தெரியும்ல? ஓய்வெடுங்கன்னு சொல்லி, மாலை போட்டு, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாரு.”

“அதுக்கு நான் என்ன பண்றது? உனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு வைக்க முடியுமா?”

அக்கா எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு தம்பியோடு நேர்ப்பேச்சு கிடையாது. “உங்க மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்க” என்று கணவர் வழியாகவே செய்தி போகும். டயர் கடை வைத்திருக்கும் அத்தானுக்கு இந்தத் தூது வேலை பிடித்துப்போய்விட்டது.

“சாப்பாடா மாப்ளே? விண்ணப்பம் எங்கே? காரணம் பசின்னு சும்மா எழுதக் கூடாது, நிரூபிக்கணும். உங்கக்கா கையெழுத்துப் போட்டா நான் நிராகரிக்கிறேன்.”

பூட்டு சார் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

நிதானமாக யோசித்தால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டால் கண்ணுக்கு உதவி கிடைக்கும். ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். வேலை போய்விட்டால் பார்சல் எண் படிக்க வேண்டியதில்லை, ஆகவே உதவியும் தேவையில்லை. இதைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டில் நன்றாகத் தூங்குகிறார்கள். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்து, மேலிடத்துக்கு வண்ணப் படங்களோடு விளக்கிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார்கள். தட்டிய கைகளில் ஒன்றாவது வேறு எதற்காவது பயன்பட்டிருக்கலாம்.

ஒருநாள் அக்காவின் பிரிவுத் தலைவர் பூட்டு சாரின் அறைக்கு வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். அந்த அம்மாள் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று உலாவி சொல்லுமாமே, அந்த அறிக்கை வேண்டும் என்றார். அதை வைத்துத்தான் வார இறுதிக்குள் அவரை அனுப்பப் போவதாகவும் சொன்னார்.

“உங்க அக்காதான், தெரியும். சங்கடமாத்தான் இருக்கும். ஆனா ஆண்டவனுக்கே விதிவிலக்கு கிடையாதுன்னு சொன்னவராச்சே நீங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் வரிசை நன்றாக இருந்தது.

அவர் போனதும் பூட்டு சார் அறிக்கையைத் திறந்தார். அக்காவின் திரை ஒரே பக்கத்தைப் பெரிதாக்கியிருந்தது, சிறிதாக்கியிருந்தது, மறுபடி பெரிதாக்கியிருந்தது. தினமும் காலையில், வேலை தொடங்கும் முன், அந்த நீட்டிப்பை நிறுவ ஒரு முயற்சி நடந்திருந்தது. தினமும் ஒரே பதில் போயிருந்தது: ‘தடுக்கப்பட்டது. உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.’

அக்கா தொடர்புகொண்டார். நிர்வாகி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பூட்டு சாருக்குக் கோபம் வந்தது. பிரிவுத் தலைவர் மேல் வந்தது, அந்தச் சிரிப்பின் மேல் வந்தது, தன்னிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட அக்காவின் மேலும் எதற்கென்று தெரியாமல் வந்தது. தன் மேல் வர வேண்டிய பங்கு கடைசி வரை வரிசையில் காத்துக்கொண்டிருந்தது. அந்த வேகத்தோடு படியிறங்கினார்.

அக்காவின் மேசை ஜன்னலை ஒட்டியது. திரைக்கு மேல் அட்டைப் பெட்டியை வெட்டிக் கூரை போட்டிருந்தார். மூக்கு திரையில் இடிக்க, எண்ணின் கீழே ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பூட்டு சார் பக்கத்தில் போய் நின்றார்.

அக்கா தலையைத் திருப்பினார். நேராகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“யாருங்க? பரவாயில்ல, கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க. ஜன்னல் வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டிருக்கீங்க, இப்ப நல்லாத் தெரியுது.”

அவர் நின்றார். மூன்றா எட்டா என்று அக்கா ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை படித்து முடிக்கும் வரை, கட்டடத்தின் அத்தனை உலாவிகளையும் ஆள்பவர், ஜன்னல் திரைச்சீலையாக நின்றார். அக்கா நன்றி சொன்னார். நேர்ப்பேச்சு நின்ற பிறகு தம்பியிடம் அவர் நேராகப் பேசியது அன்றுதான். யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அறைக்குத் திரும்பியவர் முதலில் பிரிவுத் தலைவருக்கு ஒரு விண்ணப்பப் படிவத்தை அனுப்பினார். தனிப்பட்ட ஊழியரின் அறிக்கை வேண்டுமென்றால் காரணம் எழுதி, மேலிடத்தின் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று. காது மந்தமானவரை அனுப்பிய விவகாரம் சந்தி சிரித்ததிலிருந்து, மேலிடம் இப்படிப்பட்ட தாள்களில் கையெழுத்துப் போடப் பயந்து பேனா தேடிக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு அந்த நீட்டிப்பை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். அது என்ன அனுமதி கேட்கிறது, எதைத் தொடுகிறது, எதையாவது வெளியே அனுப்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிறத்தை மாற்றியது, எழுத்தைத் தடிமனாக்கியது, வேறு எங்கும் மூக்கை நுழைக்கவில்லை. முதல் நாளே இதைப் பார்த்திருக்கலாம். அனுமதிப்பதற்குத்தான் படிக்க வேண்டும், தடுப்பதற்கு எதையும் படிக்க வேண்டியதில்லை.

அக்காவின் கணினிக்கு மட்டும் திறந்துவிட்டால் அது விதிவிலக்கு. யாருக்கு எந்த விதிவிலக்கு என்று எல்லாப் பிரிவுத் தலைவர்களுக்கும் வாரக் கடைசியில் தானாகவே ஒரு மின்னஞ்சல் போகும். ஒளிவுமறைவு கூடாதென்று அவரே செய்துவைத்த ஏற்பாடு. அக்காவைக் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. விதியையே மாற்றினால் அந்த மின்னஞ்சலில் ஒன்றும் வராது. ஒருவருக்குத் திறக்க வேண்டுமானால் கையெழுத்து வேண்டும், கட்டடம் முழுவதற்கும் திறக்க ஒருவர் கையெழுத்தும் வேண்டாம். தன்னுடைய ஒழுங்குமுறையின் இந்த அழகை அவர் அன்றுதான் கவனித்தார்.

நட்சத்திரக் குறி தன் இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே, அனுமதிக்கப்பட்டவை என்ற காலியான கட்டத்தில், அந்த நீட்டிப்பின் நீண்ட அடையாள எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து இட்டார். யாருக்கு என்று கேட்டது. எல்லோருக்கும் என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தார்.

இரவு சாப்பாட்டில் அத்தான் இன்று யாரைத் தடுத்தாய் என்று விசாரித்தார். பூட்டு சார் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில், வேலை தொடங்கும் முன், கீழ்த்தளத்து ஜன்னலோர மேசையிலிருந்து வழக்கமான முயற்சி வந்தது. மாடியில், பூட்டு சாரின் திரையில், ‘தடுக்கப்பட்டது’ என்ற வழக்கமான சிவப்பு வரி வரவில்லை.