மூக்காயி அத்தையின் கத்தியும் காலிக் கடலும்

எங்கள் தோட்டத்தில் மரத்துக்குக் காயம் படாமல் பால் வெட்டுகிறவர் யார் என்று கேட்டால், கங்காணி யோசிக்காமல் மூக்காயி அத்தையைக் காட்டுவார். ரப்பர் மரத்தில் கத்தி பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரம் புண்ணாகிவிடும், அந்த இடத்தில் பிறகு பட்டை ஒழுங்காக வளராது. அத்தையிடம் இருந்தது நுனி வளைந்த ஒரே கத்தி. பதினோரு வருடம் அவர் கைக்குப் பழகியது.

அவருக்கு இருந்த ஆசையும் ஒன்றுதான். கடலைப் பார்க்க வேண்டும். மூன்று முறை பயணம் பேசி, மூன்று முறையும் நின்றுபோனது. முதலில் மகளின் சடங்கு, பிறகு அவர் கணவர் காத்தமுத்து மாமாவின் கால் முறிவு, அதற்கப்புறம் கொழும்பில் குண்டு. 1997ஆம் ஆண்டு தை மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு, லயத்து வரிசை வீடுகளில் பதின்மூன்று பேரைச் சேர்த்து, யட்டியாந்தோட்டை தாஸிம் நானாவின் வேனையும் பேசி முடித்தவர் அத்தைதான். நானும் அதில் ஒருத்தியாகப் போனேன்.

கடலோர வீதியில் சோதனைச் சாவடிகள் அதிகம் என்று தாஸிம் நானா இரத்தினபுரி, உடுகம என்று உள்பக்கமாகவே ஓட்டினார். அதனால் காலிக்கு ஒரு மைல் இருக்கும்போதும் எங்களுக்குக் கடல் தெரியவில்லை. வாசம் மட்டும் வந்தது. அங்கேதான் ஒரு சாவடி. எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அத்தையின் இடுப்பைத் தடவிப் பார்த்த பெண் பொலிஸ், துணியில் சுற்றியிருந்த கத்தியை உருவி வெளியே எடுத்தார்.

மாமாதான் வாயைத் திறந்தார். "அடியே, கடல்லயுமா பால் வெட்டப் போற?"

"இருட்டுல சேலை கட்டுனேங்க. கை தன்னால சொருகிருச்சு."

சாவடியில் நின்ற சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். அநுராதபுரம் பக்கத்துப் பையன், ரப்பர் மரத்தையே பார்த்ததில்லையாம். இப்படி வளைந்த கத்தி எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில் விளக்கம் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அத்தை தன் கடைவீதிச் சிங்களத்தில், "புதே, இங்க வா மகனே, காட்டுறேன்" என்று அவனை வீதியோரத்து ஈரப்பலா மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

கத்தியை வாங்கி, சாய்வாக ஒரு சாண் நீளத்துக்குப் பட்டையைச் சீவினார். காகிதம் போல ஒரு சுருள் விழுந்தது. பின்னாலேயே வெள்ளைப் பால் அரும்பியது. சிப்பாய் விரலால் தொட்டுப் பார்த்தான், பிசுபிசுத்தது. சிரித்துவிட்டான்.

"சரி அம்மே, போங்க. ஆனா கத்தி நகரத்துக்குள்ள போக முடியாது. நான் அஞ்சு மணிவரைக்கும் இங்கதான்."

அத்தை எங்கள் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நா இங்கயே இருக்கேன். தொலைஞ்சா நாளைக்கி எதுல வெட்டுறது?"

"தாலியக் கேட்டாலும் கழட்டிக் குடுத்துருவா, கத்தியக் குடுக்கமாட்டா" என்றார் மாமா. சொல்லிவிட்டு அவரும் வேனில் ஏறவில்லை. ஒருவருமே ஏறவில்லை. சிப்பாய் எங்களைப் பார்த்தான். பிறகு கத்தியைத் துணியில் சுற்றி, சாவடிக்குள் தன் பை தொங்கிய ஆணியிலேயே மாட்டினான். அத்தை அந்த ஆணியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேனில் ஏறினார்.

காலிக் கோட்டையின் மதில் மேல் நாங்கள் நடந்தோம். ஒரு பக்கம் ஓட்டுக்கூரை வீடுகளும் வெள்ளைக் கலங்கரை விளக்கமும், மறுபக்கம் முடிவே இல்லாத நீலம். வழியில் இருந்த சிங்களப் பலகையை வாசித்துச் சொன்னேன். போர்த்துக்கேயர் தொடங்கினார்கள், ஒல்லாந்தர் பெரிதாக்கினார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள்.

"மூணு தொரைமாரு மாறியிருக்காங்க. செவரு மட்டும் அப்பிடியே நிக்கிது" என்று அத்தை கல் இடுக்கை விரலால் தடவிப் பார்த்தார். "கட்டுனவன் கைகாரன்."

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே சிறிய மணல் திட்டு ஒன்று இருந்தது. அத்தை அங்கே இறங்கி முழங்கால்வரை நனைந்து நின்றார். அலை நுரைத்து வந்து கலைந்து போனது. நுரையைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார். கடைசியில், "இவ்வளவு பாலு ஊத்துது, புடிக்க ஒரு செரட்டை வைக்க ஆளில்லயே" என்றார். சிரிப்பில் மாமாவுக்குப் புரையேறியது. மற்றவர்கள் சிப்பி பொறுக்கினார்கள். அத்தை உள்ளங்கை நீளத்தில் தட்டையான ஒரு கல்லை எடுத்துக்கொண்டார். மணி கேட்டார். நாலு என்றேன். உடனே கரையேறிவிட்டார்.

நாங்கள் திரும்பியபோது சிப்பாய் ஈரப்பலா மரத்தடியில் நின்றான், கையில் அத்தையின் கத்தியோடு. மரத்தில் புதிதாக நான்கு வெட்டுகள். எல்லாமே ஆழம், உள்ளே மரம் தெரிந்தது.

அத்தை கத்தியைக் கேட்கவில்லை. நேரே மரத்திடம் போனார். "என்ன வேலை பாத்து வச்சிருக்க? எலும்பு தெரியுதே! பட்டையில நிக்கத் தெரியாதவன் கத்தியத் தொடலாமா?" என்று சிங்களத்தில் உரக்கத் திட்டினார். அவன் தோளில் துப்பாக்கி. அத்தை தண்ணீர் ஓடும் கானிலிருந்து ஈரமண்ணை அள்ளி, நான்கு காயங்களையும் ஒவ்வொன்றாகப் பூசி மூடினார். அவர் முடிக்கும்வரை அவன் தலை குனிந்து நின்று, "சமாவென்ன அம்மே" என்று மன்னிப்புக் கேட்டான். பிறகு கத்தியைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

வேன் நகர்ந்ததும் மாமா கேட்டார். "மூணு தடவ நின்னுபோன பயணம். கடல் எப்பிடி இருந்துச்சுன்னு நீ இன்னும் சொல்லலயே?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்ற அத்தை, கட்டைவிரலால் கத்தி விளிம்பைத் தடவி முகம் சுளித்தார். "மழுக்கிப்புட்டான்."

பிறகு அந்தக் கடற்கரைக் கல்லை மடியில் வைத்து, போத்தல் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு, தீட்டத் தொடங்கினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். சேலை ஓரம் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.