சொந்த ஊரில் கூச்சப்படாதவர்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேலுச்சாமி அண்ணாச்சி இறந்த செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். ஐந்தாவது தாண்டாதவன் நான். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சோம்பல். மாலை, பூ, நடுவில் அவர் சிரித்த முகம். ஒரு கேக் படத்தைத் தட்டிவிட்டு, ராஜபாளையத்தில் என் லோடு ஆட்டோவில் பேண்டேஜ் துணி ஏற்றப் போய்விட்டேன். மிலிட்டரி பால்ராஜ் அண்ணன் கூப்பிட்டு, “ஏலே முத்தையா, அவரு செத்துட்டாருலே. மொதல்ல அந்தக் கேக்க எடு” என்றார்.

அண்ணாச்சியை எங்களுக்கெல்லாம் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் வெளியே சொல்ல மாட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் ஞாயிறுதோறும் கூடுவோம். ராஜபாளையத்துக்காரர்கள் பஸ் ஏறி அங்கே போவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வருவார்கள். வழியில் எதிரெதிர் பஸ்ஸில் பார்த்துக்கொண்டால் இரண்டு பக்கமும் தலை திரும்பிக்கொள்ளும். சொந்த ஊரிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான அண்ணாச்சி ஒருவர்தான். அதைத் துணிச்சல் என்று நினைத்தேன்.

முதல் நாள் மாடி ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. கீழே இருந்த கடையில் ரேஷன் கார்டை மூன்று தடவை ஜெராக்ஸ் எடுத்தேன். நான்காவதுக்கு நீட்டியபோது பின்னால் அண்ணாச்சியின் குரல்.

“இன்னும் எம்புட்டு ஜெராக்ஸ்லே எடுப்ப? மேல உன்ன மாதிரியே பதினாலு ஜெராக்ஸ் உக்காந்திருக்கு. வா.”

அன்று அவர் தன் கதையைச் சொன்னார். மகள் கல்யாணத்தன்று குடித்துவிட்டுப் பந்தி பரிமாறப் போய், சாம்பார் வாளியோடு சம்பந்தி மடியில் விழுந்த கதை. மகள் மாலையைக் கழற்றிவைத்துவிட்டு வந்து, அவர் வேட்டியைச் சரிசெய்துவிட்டாளாம். கூட்டத்தை நடத்துகிற மிலிட்டரி அண்ணனே கண்ணைத் துடைத்தார். முடிவில் அண்ணாச்சி சொன்னார்: “பொய் சொல்லணும்னா வீட்டுல சொல்லிக்கோ. இங்க சொல்லாத.” இப்படி விழுந்த மனுஷனே எழுந்துவிட்டார், நமக்கென்ன என்று நினைத்துத்தான் எட்டு மாதம் குடிக்காமல் ஓட்டினேன். எனக்கு இருந்த பிடிமானம் அது ஒன்றுதான்.

துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனபோது அண்ணாச்சி மனைவியிடம், “மதினி, அந்தப் பந்திக் கதையச் சொல்லித்தான் என்னையக் கரையேத்துனாரு” என்றேன்.

மதினி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது எந்தம்பி கதைல்லா. இவரு காப்பியத் தவிர ஒண்ணும் குடிச்சதில்ல. அதுவும் அரை டம்ளருதான்.”

தம்பியைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனவர் அண்ணாச்சி. தம்பி வாயைத் திறக்காததால், அவனைப் பேசவைக்க இவர் குடிகாரன் என்று எழுந்து நின்று அவன் கதையைத் தன் கதையாகச் சொல்லியிருக்கிறார். தம்பி இரண்டே வாரம் வந்தான். பிறகு குடித்தே செத்தான். “அடுத்தவனாவது பேசட்டும்னு இவரு போயிக்கிட்டே இருந்தாரு” என்றார் மதினி.

சொந்த ஊரில் அவர் கூச்சப்படாத ரகசியம் அப்போது விளங்கியது. கூச்சப்பட அவரிடம் ஒன்றுமே இல்லை. எங்களை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேரே மதுக்கடைக்கு நடந்தேன். அன்று ஏதோ விடுமுறை, பூட்டியிருந்தது. நான் குடிக்காததற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

அடுத்த ஞாயிறு, விஷயத்தை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டு, அப்படியே குடிக்கப் போவது என்ற முடிவோடு போனேன். என் பெஞ்சின் மறுமுனையில் வன்னியம்பட்டியிலிருந்து ஒரு புது ஆள். கண் படிக்கட்டிலேயே இருக்கிறது. “யாராச்சும் ஆரம்பிங்கப்பா” என்றார் மிலிட்டரி அண்ணன். ஒருவரும் அசையவில்லை. புது ஆள் செருப்பைத் தேடினார்.

எழுந்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொன்னால் அந்தப் புது ஆள் படியிறங்கிப் போய்விடுவார். எனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் சிரிப்புக் கதை. எட்டு மாதமாக அங்கே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. குடித்துவிட்டு ஆட்டோவைப் பின்னால் எடுத்து என் மகளின் சைக்கிளை நொறுக்கியது. நூலிழையில் அவள் ஒதுங்கியது. லாரிக்காரன் ஏற்றிவிட்டான் என்று அவள் அம்மாவிடம் அவளையே சொல்லவைத்தது. அதைச் சொன்னேன். புது ஆள் செருப்பை விட்டுவிட்டார்.

அண்ணாச்சியை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அந்தக் கோபத்தை நானே வைத்துக்கொள்கிறேன். அதோடு, எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது முதல் ஆளாக எழுந்து நிற்கிற அவருடைய பழக்கத்தையும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் கதை என்னுடையதாக இருக்கும்.

பேசி முடித்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். புது ஆள் எனக்குத் தண்ணீர் எடுக்க மறுமுனையிலிருந்து சட்டென்று எழுந்தார். பெஞ்சின் அந்த முனை தூக்கிக்கொண்டது. நான் தரையில் இருந்தேன்.

“அண்ணே, இன்னைக்கும் போட்டுட்டா வந்திருக்கீக?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.