ஒரு புண், ஒரு கோழி, கொஞ்சம் செண்டுப்பூ

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு நாள், வீட்டில் இருந்த ஒரே கோழியை அறுக்கக் கத்தியோடு நின்றேன்.

விருந்துக்கு இல்லை. மருந்துக்கு!

(என் வயதைக் கேட்காதீர்கள். அப்போதே எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

இந்த வாரம் முழுக்க என் ஃபீடில் காலெண்டுலாப் பூதான். ஒருவர் இதழ்களைக் காயவைத்து எண்ணெயில் ஊறப் போடுகிறார். ஒருவர் பித்தவெடிப்புக்குக் களிம்பு கிண்டுகிறார். இன்னொருவர் நாப்பி உரசிச் சிவந்த இடத்தில் பிள்ளைக்குப் பூசி, சிவப்பு அடங்கியதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் லைக் போட்டேன். போடும்போதெல்லாம் அந்தக் கோழி ஞாபகம் வந்தது. சொல்லிவிடுகிறேன்.

நான் நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே ஜப்பான் சண்டை வந்துவிட்டது. காஜா பெராங்கில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கொல்லையில் விளைந்த மரவள்ளிக்கிழங்கைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெங்கேராவுக்குப் போவார். அங்கே கடற்கரைப் பக்கம் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கருவாடும் உப்பும் வாங்கி வருவார். எங்கள் பிழைப்பே அந்த வண்டியில்தான் ஓடியது.

கிழங்கு தோண்டும்போது ஒரு நாள் மண்வெட்டி அவர் முழங்காலுக்குக் கீழே பட்டுவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் சத்தான சாப்பாடு பார்த்து நாளாகிப்போன உடம்பு. காயம் ஆறாமல் புண்ணாகி, ஓரம் தடித்து, நீர் கசிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கழுவிக் கட்டினார்கள். போடுவதற்கு மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாதிரிப் புண்ணால் காலையே இழந்தவர்களை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருந்தோம். இவரும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டி சமூகத்து அம்மா ஒருவர் இருந்தார். மாச்சிக் என்று கூப்பிடுவோம், நாம் அத்தை என்கிற மாதிரி. நெற்றியில் திருநீறு, வீட்டில் பிள்ளையார், தை மாதம் பொங்கல் எல்லாம் நம்மைப் போலத்தான். பேச்சு மட்டும் மலாய். அவருக்குத் தமிழில் ஒன்றிரண்டு சொல் வரும், எனக்கு மலாயில் ஒன்றிரண்டு சொல் வரும். மீதியைக் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வோம். (அதனாலேயே சண்டை வந்ததில்லை.)

வேலி ஓரத்தில் அவரைப் பார்த்தபோது, என் காலையே தொட்டுக் காட்டி, புண், ஆறவில்லை, பயமாக இருக்கிறது என்று நடித்தே காட்டினேன். அவர் மடமடவென்று ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்:

"தாய் ஆயாம்... மாசாக்... மின்யாக் கெலாப்பா."

மாசாக் என்றால் சமைப்பது. மின்யாக் கெலாப்பா, தேங்காய் எண்ணெய். ஆயாம், கோழி. தாய்க்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

ஆகத் தாய்க்கோழியைத் தேங்காய் எண்ணெயில் சமைத்துப் பூச வேண்டும்.

எங்கள் கோழி, சோதனைக்கு வருகிற ஜப்பான்காரர்கள் கண்ணில் படாமல் விறகுக்குப் பின்னால் கூடையில் வளர்ந்தது. அது போடும் முட்டைதான் அவர் உடம்புக்கு நான் கொடுக்க முடிந்த ஒரே சத்து. கோழியா, காலா என்று யோசித்தேன். கால்தான். கத்தியை எடுத்துவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

கோழி போட்ட கூச்சலில் அவர் நொண்டிக்கொண்டே வந்தார். அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டதும் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தே பல வாரம் ஆகியிருந்தது.

"அடியே, மலாய்ல தாய்னா அம்மா இல்ல. பீ."

கோழியைக் கீழே விட்டேன். அடுத்து என் கண் கூடையின் அடிப்பக்கம் போனது. அவர் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"அதைக் காய்ச்சி என் கால்ல வச்சே, நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்."

அவரே வேலியைப் பிடித்துக்கொண்டு மாச்சிக்கிடம் விசாரித்தார். மாச்சிக் சிரித்த சிரிப்பில் சாரோங் அவிழப் பார்த்தது. தன் வாசலில் பூஜைக்காக வளர்த்த செடியைக் காட்டி, "பூஙா தாய் ஆயாம்" என்றார். பூஙா என்றால் பூ. எனக்குத் தெரியாத அந்த ஒரு சொல்லைத்தான் நான் விட்டிருந்தேன். கசக்கினால் வாடை அடிக்கும் என்பதால் அதற்குக் கோழிப்பீப் பூ என்று பேராம். பார்த்தால், நம்ம செண்டுப்பூ!

மாச்சிக்கே பூப் பறித்துத் தந்தார். இதழ்களை நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெயில் சிறு தீயில் வைத்தோம். எண்ணெய் ஆரஞ்சு நிறமானதும் துணியில் வடிகட்டினோம். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, தடித்த ஓரத்தைச் சுற்றி மட்டும் அதைப் பூசச் சொன்னார். என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். தினமும் இதுவே வேலை. மெதுவாக நீர் கசிவது நின்றது. ஓரம் இளகி, நடுவில் புதுத் தோல் வந்தது.

காலெண்டுலா வேறு, நம் செண்டுப்பூ வேறு. ஒரே குடும்பத்துச் சொந்தக்காரர்கள், அவ்வளவுதான். புண்ணை ஆற்றியது பூவா, உப்புத் தண்ணீரா, முட்டையா என்றும் எனக்குத் தெரியாது. இன்றைக்கு யாருக்காவது அப்படிப் புண் வந்தால் நேராக டாக்டரிடம் போங்கள். எங்களுக்கு அன்று போக்கிடம் இல்லை. வெடிப்புக்கும் சிராய்ப்புக்கும் உங்கள் காலெண்டுலாவைத் தாராளமாகப் பூசுங்கள். முதலில் கையில் கொஞ்சம் தடவி, அரிக்கிறதா என்று பாருங்கள்.

அவர் மறுபடி தெங்கேராவுக்குப் போய்வந்த அன்று, கருவாட்டில் முதல் பங்கை எடுத்துக்கொண்டு மாச்சிக் வீட்டுக்குப் போனோம். மொழிபெயர்க்க அவரையும் கூட்டிப்போனேன். (இனி நானாக எதையும் புரிந்துகொள்வதில்லை என்று முடிவு.) உங்கள் பாஷையில் இந்தப் பூவுக்கு என்ன பேர் என்று மாச்சிக் கேட்டார்.

"செண்டு" என்றேன், பெருமையாக.

மாச்சிக்கின் முகம் வாடிவிட்டது. பூவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் ஏதோ மெல்லச் சொன்னார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டே எனக்குச் சொன்னார்:

"மலாய்ல செண்டுனா விசும்பி அழறதாம். இவ்வளவு நல்ல பூவுக்குப் போயி இப்படியா பேர் வைப்பாங்க, எங்க பேரே தேவலையேங்கிறாங்க."

உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர்? இந்த இரண்டையும் விட மோசமாக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.