சைலன்சரிலிருந்து டேங்குக்கு ஒரு குழாய்

மல்லசமுத்திரத்துக்கு வெளியே சம்பந்தியின் மானாவாரி நிலம் கோடை முழுக்கச் சும்மா கிடந்தது. ஆறு மாதமாக நான் கட்டிய, ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானத்துக்கு அதுதான் ஓடுதளம். அந்த வாரம் மழை பெய்துவிட்டது. திங்கட்கிழமை காலை டிராக்டர் வரும், கடலை போடுவார்கள். பிறகு அறுவடை வரை அங்கே காக்கைதான் பறக்கலாம். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாளில்லை.

சம்பந்தி என் மருமகளின் தகப்பனார். சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். வளைந்த சக்கர அச்சை நிமிர்த்த விமானத்தை அவரிடம் விட்டிருந்தேன். நிமிர்த்தியதோடு எஞ்சினையும் துடைத்துப் பளபளவென்று கொடுத்தார்.

எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. தரையில் நன்றாக உறுமியது. மூக்கை மேலே தூக்கினால் இருமிவிட்டு நின்றது. மூக்கைத் தூக்காமல் பறக்கும் வசதி விமானத்துக்கு இல்லை.

தொழிற்சாலை இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். முறை தெரியும். பிளக்கை மாற்றினேன். விளக்கெண்ணெய் சேர்த்துப் புதிதாகக் கலந்த மெத்தனாலை ஊற்றினேன். எரிபொருள் வரத்தைக் கூட்டும் ஊசியைக் கால் சுற்று, அரைச் சுற்று திறந்தேன். சைலன்சர் விளக்கெண்ணெயைக் கக்கியது; மூக்கைத் தூக்கினால் அதே இருமல். எரிபொருள் குழாயைக் கழற்றி, வாளித் தண்ணீரில் முக்கி ஊதினேன். ஒரு குமிழிகூட இல்லை. புகை வெளியேறும் பக்கம் என் பட்டியலில் கடைசி.

"ஏனுங்க சம்பந்தி, இத்தன நேரத்துல ஒரு லாரி எஞ்சினயே எறக்கி ஏத்தியிருப்பனுங்க" என்றார் சம்பந்தி, வேப்பமர நிழலிலிருந்து.

"லாரி பறக்குமாங்க?"

"நம்ம டிரைவருங்க ஓட்டறதப் பாத்தா பறக்குமுங்க. இதுதான் மாட்டேங்குது."

எந்தக் கோளாறுக்கும் முறைப்படி முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாகத் தொட்டது யார்? எத்தனையோ மில் ஃபிட்டர்களிடம் தயவுதாட்சணியமின்றிக் கேட்டிருக்கிறேன். பெண் கொடுத்தவரிடம், அவர் நிலத்தில் நின்றுகொண்டு, அவர் கொண்டுவந்த மோரையும் குடித்துவிட்டு எப்படிக் கேட்பது? கேட்காமலே மணி மூன்றாகிவிட்டது.

கடைசியில் சைலன்சரைத் துடைத்தபோது விரலில் ஒரு சின்ன ஸ்குரூ தட்டுப்பட்டது. அந்த இடத்தில் குழாய் மாட்டும் ஒரு முனையும், அதிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயும் இருக்க வேண்டும். மூக்கு தூக்கும்போது எரிபொருளை மேலே தள்ளுவது அந்தக் குழாய் வழியே டேங்குக்குள் போகும் புகையின் அழுத்தம்தான்.

"இங்க ஒரு டியூப் இருந்துச்சுங்களே" என்றேன், வானத்தைப் பார்த்து.

"அதுங்களா! நாந்தானுங்க கழட்டுனேன். எந்தக் கிறுக்கனோ சைலன்சர் புகைய டேங்குக்குள்ள உட்டிருந்தான். ஓட்டைய அடச்சுப் போட்டனுங்க. உங்ககிட்டச் சொன்னாச் சங்கடப்படுவீங்கன்னு சொல்லுலீங்க."

"அந்தக் கிறுக்கன் நான்தானுங்க."

அவர் எழுந்து போய், மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்தார். முனையும் குழாயும் பத்திரமாக இருந்தன. பட்டறைக்காரர் எதையும் எறிவதில்லை. அவரே மாட்டினார், நான் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த முறை மூக்கைத் தூக்கினேன், உறுமல் மாறவில்லை. விமானம் ஓடி, எழும்பி, வேப்பமரத்தைத் தாண்டியது. செருப்பை விட்டுவிட்டு அவர் அதன் பின்னாலேயே நிலத்தின் கோடி வரை ஓடினார். எரிபொருள் தீரும்வரை சுற்றி, நாளை உழப்போகும் மண்ணில் மெதுவாக இறங்கியது.

மூச்சு வாங்க அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் பறக்குதுங்க. ஆனா டேங்குக்குள்ள புகைய உடறது எனக்கு இன்னும் மனசு ஒப்பலீங்க."