பஸ் அக்காவின் பேட்டரி

எங்கள் தெருவில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவரைப் பஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணவருக்கு நுரையீரல் நோய். ஆக்சிஜன் இயந்திரம் நிற்கக்கூடாது என்பதற்காகவே அக்கா வீட்டில் பெரிய பேட்டரி மாட்டியிருந்தார்.

மின்சார நிறுவனம் புதுத் திட்டம் கொண்டுவந்தது. மாலையில் தேவை கூடினால் வீட்டுப் பேட்டரிகளில் சேர்ந்த மின்சாரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். அக்காவைக் கேட்காமலே அவர் பேட்டரியையும் சேர்த்துவிட்டார்கள். ஒருநாள் மின்சாரம் போனபோது பேட்டரி காலி, இயந்திரம் நின்றது. அவசர சிலிண்டரை வைத்துத்தான் கணவரைக் காப்பாற்றினார். மறுநாளே, பேட்டரியிலிருந்து மின்சாரம் இழுக்க நிறுவனம் மாட்டியிருந்த ஒயரைக் கழற்றி எறிந்தார்.

அதிகாரி வந்தார். "தெருவே ஒத்துக்கிச்சு மேடம். நீங்க மட்டும் அடம்பிடிச்சா எப்படி?"

"ஊருக்கு லைட் எரிய என் வீட்டுக்காரர் மூச்சை அடக்கணுமா?"

"கனெக்‌ஷனையே கட் பண்ணுவோம்."

"பண்ணிப் பாருங்க. உங்க ஆபீஸ் வாசல்ல பஸ்ஸைக் குறுக்கே நிறுத்துறேன். ஒருத்தர் வெளிய வர முடியாது."

உள்ளேயிருந்து கணவர், "விடும்மா, எதுக்கு வம்பு?" என்றார்.

"நீங்க பேசாம மூச்சு விடுங்க!"

அதிகாரி போனவர் போனவர்தான். இணைப்பையும் யாரும் துண்டிக்கவில்லை. அந்த வாரமே எதிர்வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து, ஒயரை எப்படிக் கழற்றுவது என்று அக்காவிடம் கேட்டார்.