மழை நாளில் சொல்லப் போனது

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் எழுத்தர் வேலைக்கு வருவதாக முதலாளியிடம் ஒப்புக்கொண்ட ஐந்தாம் நாள், மணியாச்சி ரயில் நிலையத்தில் வேலைக்குச் சேரும்படி எனக்கு உத்தரவு வந்தது. எனக்காக முதலாளி வேறு இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். வர முடியாததை நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன்.

எங்கள் பசுவந்தனையில் யாரிடமும் சங்கடமான பேச்சை எடுக்க மழை நாள்தான் நல்லது. மழையை நம்பி விதைத்த கரிசலில் ஈரம் இறங்கினால் கோபக்காரர்கூடச் சிரித்த முகமாக இருப்பார். அதனால் மூன்று நாள் காத்திருந்து, கொட்டுகிற மழையில் குடையோடு போனேன்.

முதலாளி வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். மருந்தில் தோய்த்த தீக்குச்சிகள் காயாமல் உள்ளே மரச்சட்டங்களில் அடுக்கிக் கிடந்தன. அவர் பிழைப்பு வெயிலில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"ஏலே, இதச் சொல்ல ஒனக்கு இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதா?"

"எங்க ஊர்ல மழையன்னைக்கு எல்லாரும் சந்தோசமா இருப்பாவ அண்ணாச்சி. அதான்..."

என்னை ஏற இறங்கப் பார்த்தவர், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ரயில்வே வேலைய எவன் விடுவான்? போ. எனக்கு வேற ஆளச் சொல்லு."

பி.காம். முடித்து வீட்டிலிருந்த என் தங்கையைச் சொன்னேன்.

"திங்கக்கெழமை வரச் சொல்லு. வெயிலடிச்சா நானும் சந்தோசமாத்தான் இருப்பேன்."

திங்கட்கிழமை நல்ல வெயில். தங்கை ஏழரை மணி பேருந்தில் கோவில்பட்டிக்கும், நான் அதற்கடுத்ததில் மணியாச்சிக்கும் கிளம்பினோம்.